வினைமுற்றும் வினையெச்சமும்: நீரிலிருந்து எரிபொருள் தேடிய வரலாறு

கோலார் தங்கவயலுக்கு அருகே, பங்காருப்பேட்டை வட்டத்தில் இருக்கும் பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர் என்ற அளவில் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது. ஊர்ப்பெயரின் முதற்பகுதியான ‘பூதி’ கன்னடத்தில் சாம்பலைக் குறிக்கும். தமிழில் திருநீற்றுக்கு வழங்கும் ‘பூதி’, ‘விபூதி’ என்பனவும் இதன் உறவுச் சொற்களே. சாம்பற்கோட்டை என்பது பெயரின் நேர்ப்பொருள். எரிந்தபின் எஞ்சுவது சாம்பல். விறகும் நிலக்கரியும் எரிந்த இடங்களில் எல்லாம், எவ்வளவு எரிந்தது என்பதற்கு அதுவே சான்றாகக் கிடந்தது.

சாம்பலே எஞ்சாத எரிபொருள் என்று இன்று பேசப்படுவது ஹைட்ரஜன். எரிகலத்தில் ஆக்சிஜனோடு சேரும்போது அது மின்சாரமும் வெப்பமும் தந்து நீராகிறது. அந்த நீரைச் சூரிய ஒளியால் மீண்டும் பிரிக்க முடிந்தால் எரிபொருள் தீரவே தீராது என்பது இரண்டு நூற்றாண்டுக் கனவு. அக்கனவை நனவாக்கும் கருவிகளாக இப்போது முன்வைக்கப்படுபவை நானோபொருள்கள். அதாவது, ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் கிடைக்கும் நானோமீட்டர் அளவையில் உருவாக்கப்படும் துகள்கள், தாள்கள், இழைகள்.

இந்தக் கனவின் வரலாற்றைப் படிக்கத் தமிழ் இலக்கணத்தின் ஒரு சொல் உதவுகிறது. அது ‘எச்சம்’. முடிவு பெறாத வினை வினையெச்சம். எஞ்சிக் கிடப்பதும் எச்சமே. வேதியியலாரின் ‘வினை’க்கும் இவ்விரு பொருள்களும் பொருந்தும். நீரைப் பிரித்ததாக அறிவிக்கப்பட்ட பல வினைகள் முற்றுப்பெறாத பாதி வினைகள். முற்றுப்பெற்றவை எனத் தோன்றிய சிலவற்றிலோ, எஞ்சியது கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்தில் விழுந்திருந்தது. எச்சம் எங்கே என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு இவ்வரலாற்றைப் பின்தொடர்ந்தால், எது சாதனை, எது வாக்குறுதி என்பது தெளிவாகும்.

பெயரில் இருக்கும் நீர்

நீர் ஒரு தனிமம் என்ற பழங்கருத்து உடைந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1766இல் ஹென்றி கேவண்டிஷ் அமிலங்களோடு உலோகங்கள் வினைபுரியும்போது வெளிவரும் ‘எரியும் காற்றை’த் தனித்து ஆராய்ந்தார். நீர் ஒரு கூட்டுப்பொருள் என்று 1783இல் லவாய்சியே எடுத்துரைத்தார். 1787இல் பிரெஞ்சு வேதியியலார் வெளியிட்ட புதிய பெயரீட்டு முறையில் அவ்வாயு ‘நீரை ஆக்குவது’ என்னும் பொருள்தரும் கிரேக்க வேர்களால் பெயர் பெற்றது. தமிழில் ‘நீரியம்’ என்று ஆக்கிக்கொண்டவர்களும், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தத்தம் மொழியில் நீர் என்னும் சொல்லை உள்ளடக்கிப் பெயரிட்டவர்களும் அதே பொருளைப் பின்பற்றினர். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘ஹைட்ரஜன்’, இலங்கைப் பாடநூல்களின் ‘ஐதரசன்’ ஆகியவை ஒலியை மட்டும் வாங்கிக்கொண்டன.

பெயர், ஹைட்ரஜன் நீராகும் திசையைச் சொல்கிறது. எரிபொருள் தேடுவோருக்குத் தேவைப்படுவது எதிர்த்திசை. 1800இல் வோல்டாவின் மின்கலம் பற்றிய செய்தி எட்டிய சில வாரங்களில், இலண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரம் செலுத்தி நீரை இரு வாயுக்களாகப் பிரித்தனர். 1839 தொடங்கி வில்லியம் குரோவ் அவ்விரு வாயுக்களையும் சேர்த்து மின்சாரம் பெறும் கலத்தை உருவாக்கினார். நீர் வருங்கால எரிபொருளாகும் என்று 1874-75இல் வெளிவந்த ஜூல் வெர்னின் புதினத்தில் ஒரு பாத்திரம் பேசும் அளவுக்குக் கருத்து பரவியது.

வெர்னின் பாத்திரம் ஒன்றைச் சொல்லவில்லை. நீர், எரிந்து முடிந்த ஹைட்ரஜன். வேதியியல் நோக்கில் அதுவும் ஒரு சாம்பல். சாம்பலை மீண்டும் விறகாக்க, எரியும்போது வெளிப்பட்ட ஆற்றலைத் திருப்பித் தந்தாக வேண்டும். 18 கிராம் நீரைப் பிரிக்கக் குறைந்தது 237 கிலோஜூல் வேண்டும். மின்னழுத்தத்தில் சொன்னால் 1.23 வோல்ட். நடைமுறையில் இதற்குமேலும் செலவாகும். எனவே நீர் எரிபொருள் ஆகாது. ஆற்றலைச் சேமித்து வைக்கும் கொள்கலனுக்கு அது மூலப்பொருள் மட்டுமே. ஆற்றலை யார் தருவது என்பதே அடிப்படைக் கேள்வி.

தங்கவயலுக்கு வந்த நீரின் ஆற்றல்

நீரிலிருந்து ஆற்றல் என்பது பூதிகோட்டைப் பகுதிக்குப் புதிய செய்தி அன்று. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் வளர்ந்த தங்கவயல், தொடக்கத்தில் விறகாலும் நிலக்கரியாலும் இயங்கிய நீராவி எந்திரங்களை நம்பியிருந்தது. சுரங்கம் ஆழமாக ஆழமாக எரிபொருட்செலவும் ஏறியது. திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைப் பயன்படுத்தி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டது. திட்டத்தை வகுத்து நடத்தியவர் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். 1902 ஜூன் 30 அன்று, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழியே பயணம் செய்த மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்று அது. தலா 720 கிலோவாட் திறனுள்ள 6 மின்னாக்கிகள் அங்கே நிறுவப்பட்டிருந்தன. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு 1905 ஆகஸ்டில்தான் கிடைத்தது. சுரங்கத்துக்கு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே.

தங்கவயலில் நின்று பார்த்தவருக்கு அது புகையும் சாம்பலும் இல்லாத ஆற்றல். ஆயினும் அதற்கு இரண்டு எச்சங்கள் இருந்தன.

முதலாவது, காலம் சார்ந்தது. கோடையில் காவிரியின் நீரோட்டம் குறையும். சுரங்கத்தின் தேவை குறையாது. ஆண்டு முழுவதும் சீரான மின்சாரம் தர வேண்டுமென்றால் நீரைத் தேக்கிவைக்க வேண்டும். 1911இல் கண்ணம்பாடியில் அணைப்பணி தொடங்கியதற்கான காரணங்களுள், பாசனத்தோடு, சிவசமுத்திரத்துக்கும் அதன்வழித் தங்கவயலுக்கும் தடையற்ற நீர்வரத்து வேண்டும் என்பதும் ஒன்று. அந்த அணையின் உயரமும் கொள்ளளவும் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடையே வழக்காயின. 1914இல் நடுவர் தீர்ப்பு, 1924இல் 50 ஆண்டு ஒப்பந்தம், 1974க்குப் பின் இன்றுவரை நீளும் பூசல் என அவ்வரலாறு தமிழருக்கு நன்கு தெரிந்தது. காவிரிச் சிக்கலின் வேர்களுள் ஒன்று, ஆற்றலைச் சேமிக்கும் சிக்கல் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோடைக்கு நீரைத் தேக்கியது போல இரவுக்கு வெயிலைத் தேக்கவே இன்று ஹைட்ரஜன் தேடப்படுகிறது.

இரண்டாவது எச்சம், இடம் சார்ந்தது. 1887இல் காப்புரிமை பெற்ற மக்ஆர்தர்–ஃபாரஸ்ட் முறைப்படி, அரைத்த பாறைப்பொடியிலிருந்து சயனைடு கரைசலால் தங்கம் பிரிக்கப்பட்டது. பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண் மலைமலையாகக் குவிக்கப்பட்டது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று நின்றுபோயிற்று. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவுமண் மட்டும் அங்கேயே நிற்கிறது. ‘சயனைடு மேடு’ என்று தங்கவயல் தமிழர் வழங்கும் அக்குன்றுகளின் தூசி, காற்றடிக் காலங்களில் குடியிருப்புகளின்மேல் படிகிறது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்று சுரங்கத்தில் உழைத்து, அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அத்தூசியை மூச்சில் வாங்குகின்றனர். தங்கம் வெளியேறியது, இலாபமும் வெளியேறியது, எச்சம் மட்டும் உழைத்தவரின் வீட்டு வாசலில் நின்றது.

ஒளி நேரடியாகப் பிரிக்குமா?

மின்சாரத்தை இடையில் வைக்காமல் ஒளியே நீரைப் பிரிக்க முடியுமா என்ற கேள்விக்கு முன்மாதிரி இலைதான். ஒளிச்சேர்க்கையின் முதற்படியில் இலை நீரைப் பிரித்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. கரைசலில் மூழ்கிய மின்வாய்மேல் ஒளி பட்டால் மின்னோட்டம் எழுவதை 1839இல் எட்மண்ட் பெக்கரல் கண்டிருந்தார். 1912இல் இத்தாலிய வேதியியலார் ஜாக்கோமோ சாமீசியன் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், நிலக்கரியை விட்டுவிட்டு, பாலைநிலங்களில் கண்ணாடிக் குழாய்களை நிரப்பிச் சூரிய ஒளியால் வேதிப்பொருள் செய்யும் ஒரு காலத்தை எடுத்துரைத்தார்.

திருப்புமுனை 1972இல் வந்தது. டோக்கியோவின் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயின்மேல் ஒளியைப் பாய்ச்சியபோது அங்கே ஆக்சிஜனும், எதிரே இருந்த பிளாட்டின மின்வாயில் ஹைட்ரஜனும் எழுந்ததாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்ததால் உலகம் அக்கட்டுரையை எரிபொருள் செய்தியாகவே படித்தது.

இங்கும் எச்சம் உண்டு. வெள்ளைச் சுவர்ப்பூச்சில் கலக்கும் அதே டைட்டானியம் டைஆக்சைடு, புறஊதா ஒளியை மட்டுமே ஏற்கும். நிலத்தை அடையும் சூரிய ஆற்றலில் அதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். மேலும் அக்கலத்தின் இரு அறைகளிலும் இருந்த கரைசல்களின் அமிலத்தன்மை வேறுபட்டது. அவ்வேறுபாடும் வினைக்கு ஒரு தள்ளுவிசையாக உதவியது. ஒளியின் கணக்கில் எழுதப்பட்ட ஆற்றலில் ஒரு பகுதி கரைசலின் கணக்கில் எழுத வேண்டியதாக இருந்தது. கண்டுபிடிப்பின் மதிப்பு இதனால் குறையவில்லை. வினையை முழுமையாக எழுதப் பழகும் பாடம் அங்கே தொடங்கியது.

லோசானில் ஒரு தமிழர்

1970களின் இறுதியில் இத்தேடலின் முதன்மைக் களங்களுள் ஒன்றாக இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மிக்கேல் கிரெட்செல் நடத்திய ஆய்வுக்கூடம். அங்கே பணியாற்றியவர் தமிழ் வேதியியலார் கே. கல்யாணசுந்தரம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முன்னோடியாகவும் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கியவராகவும் தமிழாய்வு மாணவர்கள் அவரை அறிவர். மின்வடிவில் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் படிக்கும் பலர், அவருடைய தொழில் ஒளிவேதியியல் என்பதை அறிந்திருப்பதில்லை.

1978இல் கல்யாணசுந்தரம், கீவி, கிரெட்செல் ஆகிய மூவரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியால் நீரிலிருந்து ஹைட்ரஜன் பெறும் ஓர் அமைப்பை வெளியிட்டனர். ஒளியை ஏற்கும் ஒரு நிறமி. அது தரும் எலெக்ட்ரானைச் சுமந்து செல்லும் ஓர் இடையாள். இடையாளிடமிருந்து எலெக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் அயனிகளுக்குத் தரும் வினையூக்கி. இந்த ஓட்டப் பந்தயத்தில் நிறமி இழந்த எலெக்ட்ரானை யார் ஈடுசெய்வது? நீரே ஈடுசெய்தால் அங்கே ஆக்சிஜன் பிறக்கும், வினை முற்றுப்பெறும். ஆனால் நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குவது கடினம். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலெக்ட்ரான்கள் அடுத்தடுத்து வெளியேற வேண்டும். எனவே எளிதில் எலெக்ட்ரானைத் தந்துவிட்டுத் தான் சிதைந்துபோகும் ஒரு சேர்மத்தைக் கரைசலில் சேர்த்தனர். இத்தகைய சேர்மத்துக்குத் துறைவழக்கில் ‘பலியாகும் கொடையாளி’ என்று பெயர். ஹைட்ரஜன் உண்மையில் எழுகிறது. ஆயின் அதற்கான விலையை நீர் தரவில்லை, கொடையாளி தருகிறது. அக்கட்டுரையின் தலைப்பிலேயே அது ஒரு ‘சோதனை அமைப்பு’ என்று குறிக்கப்பட்டிருந்தது. வினையெச்சத்தை வினையெச்சம் என்றே எழுதிய நேர்மை அது. பின்வந்தோர் பலர் அத்தகைய பாதி வினைகளையும் ‘நீர்ப்பிளவு’ என்று பொதுப்பெயரால் வழங்கியபோது சொல் முந்திக்கொண்டது, செயல் பின்தங்கியது.

1981இல் கல்யாணசுந்தரமும் உடனாய்வாளர்களும் காட்மியம் சல்பைடு என்னும் மஞ்சள்நிறக் குறைகடத்தியின் நுண்துகள்களை எடுத்துக்கொண்டனர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப்பகுதியை அது நன்கு ஏற்கும். ஆனால் ஒளி எலெக்ட்ரானை எழுப்பும்போது அது விட்டுச்செல்லும் வெற்றிடம், நீரைத் தாக்குவதற்கு முன் துகளையே தாக்குகிறது. சல்பைடு அரிக்கப்பட்டு, நச்சு உலோகமான காட்மியம் நீரில் கரைகிறது. துகளின் மேற்பரப்பில் ருத்தீனியம் டைஆக்சைடைப் படியவைத்து அவ்வெற்றிடங்களை ஆக்சிஜன் உருவாக்கும் வழியில் திருப்பி, அரிப்பைத் தடுக்க முடியும் என்பதே அவர்கள் முன்வைத்த தீர்வு. இன்றைய நானோ ஒளிவினையூக்கத்தின் அடிப்படை வடிவம் அதில் இருக்கிறது: ஒளியை ஏற்க ஒரு துகள், அதன்மேல் எலெக்ட்ரானுக்கு ஒரு வாயில், வெற்றிடத்துக்கு வேறொரு வாயில்.

சிறிதாவதன் பயன்

துகள் ஏன் நானோ அளவில் இருக்க வேண்டும்? ஒளியால் பிரிந்த எலெக்ட்ரானும் வெற்றிடமும் மிகக் குறுகிய காலமே தனித்து வாழும். பிறகு ஒன்றையொன்று கண்டு இணைந்து, பெற்ற ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். துகள் பெரியதானால் மேற்பரப்பை அடையும் முன்பே அவை அழியும். துகளைச் சிறிதாக்கினால் பயணத்தொலைவு குறையும். வினை நிகழும் பரப்பும் பெருகும். அதே வேளையில் பரப்பின் குறைபாடுகள் இணைவுக்கு இடமாகவும் அமையும். ஆகவே, சிறிதாக்குவதால் மட்டும் பயன் கிடைத்துவிடாது. படிகத்தின் எந்த முகம் எந்தத் திசையில் அமைகிறது என்பதுவரை கட்டுப்படுத்த வேண்டும்.

தங்கவயலோடு தொடர்புடைய ஒரு செய்தியும் இங்குண்டு. எதனோடும் எளிதில் வினைபுரியாமையே தங்கத்தின் புகழ். அத்தங்கத்தை நுண்துகளாக்கினால் நிறம் மாறிச் செந்நீர்மமாவதை 1857இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து எழுதினார். 1980களில் ஜப்பானின் மசதாகே ஹருதா, சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத்துகள் சிறந்த வினையூக்கியாவதைக் காட்டினார். இன்று டைட்டானியம் டைஆக்சைடின்மேல் ஒட்டிய தங்கத்துகள்கள் ஹைட்ரஜன் ஆய்வுகளில் பயன்படுகின்றன. பாறைக்குள் 3 கிலோமீட்டர் இறங்கித் தேடிய உலோகத்தின் புதிய பண்பு, கண்ணுக்குத் தெரியாத அளவையில் கிடைத்தது.

ஆனால் தங்கமும் பிளாட்டினமும் விலையுயர்ந்தவை. மலிவான மாற்றாக முன்வந்தது, எந்திர மசகுப்பொருளாகப் பயன்பட்ட மாலிப்டினம் டைசல்பைடு. பெங்களூரின் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சி.என்.ஆர். ராவும் குழுவினரும், நைட்ரஜன் ஏற்றிய கிராஃபீனோடு சேர்த்த மாலிப்டினம் டைசல்பைடு தாள்களும், அதன் உலோகப்பண்புள்ள ஒற்றையடுக்கு வடிவமும் ஒளியில் ஹைட்ரஜனை மிகுதியாக வெளியேற்றுவதை 2013இல் அறிவித்தனர். அங்கும் ஒரு சாயம் ஒளியை ஏற்றது. ஒரு பலியாகும் கொடையாளி எலெக்ட்ரானைத் தந்தது. ஹைட்ரஜன் பக்கத்துக்கு மலிவான வாயில் கிடைத்தது. ஆக்சிஜன் பக்கம் இன்னும் எச்சமாகவே இருந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சார்ந்த பணிகளுக்காக ராவ் 2020ஆம் ஆண்டின் எனி விருதைப் பெற்றார்.

முற்றுப்பெற்ற வினையும் அதன் அளவும்

கொடையாளி ஏதுமின்றி, நீரும் ஒளியும் துகளும் மட்டும் கொண்டு வினையை முற்றுவித்த முயற்சிகளுள் தலையாயவை ஜப்பானின் கசுனாரி டோமன் குழுவினருடையவை. அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டு படிகத்தின் ஒரு முகத்தில் ஹைட்ரஜனுக்கான வினையூக்கியும் மற்றொரு முகத்தில் ஆக்சிஜனுக்கான வினையூக்கியும் படியவைத்து, விழும் புறஊதா ஒளித்துகள்களில் 96 விழுக்காடு வரை பயன்படுத்த முடியும் என்று 2020இல் அவர்கள் காட்டினர். 2021இல் அதே பொருளை 100 சதுர மீட்டர் பரப்பில் வெட்டவெளியில் விரித்துப் பல மாதங்கள் இயக்கினர். வெளியான ஹைட்ரஜன்–ஆக்சிஜன் கலவையிலிருந்து சவ்வு ஒன்றின் வழியே ஹைட்ரஜன் பிரிக்கப்பட்டது. தீப்பொறி பட்டால் வெடிக்கும் அக்கலவையை அவர்கள் விபத்தின்றிக் கையாண்டனர். சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறிய பங்கு, அதிக அளவாக, 0.76 விழுக்காடு.

96க்கும் 0.76க்கும் இடையிலுள்ள தொலைவே இத்துறையின் இன்றைய நிலை. முதலாவது, புறஊதா ஒளியை மட்டும் வகுஎண்ணாகக் கொண்ட கணக்கு. இரண்டாவது, முழு வெயிலையும் வகுஎண்ணாகக் கொண்டது. செய்தித்தாள் தலைப்பு எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே ஆய்வு புரட்சியாகவும் தோன்றும், தோல்வியாகவும் தோன்றும். இரண்டும் அன்று.

இக்கணக்கைப் பூதிகோட்டையின் வெயிலில் வைத்துப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளுக்கு 5 யூனிட் சூரிய ஆற்றல் விழுவதாகவும், அதில் 1 விழுக்காடு ஹைட்ரஜனாக மாறுவதாகவும் கொள்வோம். ஒரு கிலோ ஹைட்ரஜன் ஏறத்தாழ 33 யூனிட் ஆற்றலைத் தாங்கும். எனவே நாளொன்றுக்கு ஒரு கிலோ பெற 660 சதுர மீட்டர் வேண்டும். 1902இல் சிவசமுத்திரத்தில் நிறுவிய 4,320 கிலோவாட் மின்னாக்கிகள் நாள் முழுவதும் ஓடித் தரக்கூடிய ஆற்றலுக்கு நிகரான ஹைட்ரஜனைப் பெற, 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் துகள் பூசிய பலகைகளை விரிக்க வேண்டும்.

அதற்கு எவ்வளவு நீர் வேண்டும்? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ நீர் என்பது வேதிக்கணக்கு. அதன்படி நாளொன்றுக்குச் சுமார் 28,000 லிட்டர். ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் அளவுகோலான, தலைக்கு 55 லிட்டரால் வகுத்தால், 500 பேர் வாழும் சிற்றூர் ஒன்றின் ஒருநாள் நீர். வறண்ட கோலாருக்கு ஹைட்ரஜன் என்றதும் எழும் முதல் அச்சம் நீரின் அளவு பற்றியது. கணக்கோ, நிலப்பரப்பும் திறனும்தான் பெருந்தடை என்கிறது. நீரின் அளவைவிட அதன் தூய்மையே சிக்கல் என்கிறது. உப்பும் ஃபுளோரைடும் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் துகளின் வாயில்கள் நெடுங்காலம் தாங்கா. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் இரண்டாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றப்படுகிறது. அந்நீரும் மேலும் தூய்மையாக்கப்பட வேண்டியிருக்கும். தூய்மையாக்கும்போது ஒதுக்கப்படும் உவர்நீர் ஒரு புதிய எச்சம். மேலும், ஹைட்ரஜன் எரிந்து திரும்பத் தரும் நீர், அது எரியும் இடத்தில்தான் பிறக்கும். பூதிகோட்டையில் பிரித்துத் துறைமுகத்துக்கு அனுப்பினால், தங்கத்தைப் போலவே நீரும் வெளியேறிவிடும்.

நிறமற்ற வாயுவின் நிறங்கள்

இன்று உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. அதில் மிகப்பெரும் பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்து வருவது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எரிகலத்தின் வாயில் நின்று பார்ப்பவருக்கு வெறும் நீராவி. உற்பத்தி ஆலையின் வாயில் நின்று பார்ப்பவருக்கு வேறு காட்சி. 1902இல் தங்கவயலில் நின்றவரும் கண்ணம்பாடியில் நின்றவரும் கண்டது வேறுவேறானது போன்றதே இது. நிறமற்ற இவ்வாயுவுக்குச் சாம்பல்நிறம், நீலம், பச்சை என அடைமொழிகள் தேவைப்படுவது இதனால்தான். பெயர்ச்சொல் மறைத்ததைப் பெயரடை வெளிப்படுத்துகிறது.

2023 ஜனவரியில் இந்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தித் திறன் அதன் இலக்கு. அவ்விலக்கின் பெரும்பகுதி சூரிய, காற்று மின்சாரத்தால் நீரை மின்பகுக்கும் முறையைச் சார்ந்தது. நானோதுகள் பலகைகளைச் சார்ந்தது அன்று. சூரியத்தகடும் மின்பகுகலமும் இணைந்த அமைப்பு, வெயிலில் 10 விழுக்காட்டுக்கும் மேல் ஹைட்ரஜனாக மாற்றவல்லது. ஒளிவினையூக்கத் துகளின் கவர்ச்சி அதன் எளிமையில் இருக்கிறது: கம்பி வேண்டா, தகடு வேண்டா, பூச்சும் நீரும் கண்ணாடியும் போதும். அவ்வெளிமை வெல்ல வேண்டுமானால் திறன் பன்மடங்கு உயர வேண்டும். துகள் மாதக்கணக்கில் அன்றி ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். உழைத்து ஓய்ந்த துகளை என்ன செய்வது என்பதற்கும் விடை வேண்டும்.

இத்துறையின் ஆய்வேடுகளைப் படிக்கும் மாணவருக்கு இவ்வரலாறு சில கேள்விகளைக் கையளிக்கிறது. ஆக்சிஜனும் அளக்கப்பட்டதா? ஹைட்ரஜனுக்கு அது பாதியளவு இருந்ததா? எலெக்ட்ரானைத் தந்தது நீரா, கொடையாளியா? சொல்லப்படும் விழுக்காட்டின் வகுஎண் எது? துகள் கரைந்ததா, கரைந்தது எந்த நீரில் சேர்ந்தது? இவை வினை முற்றுப்பெற்றதா என்று காணும் கேள்விகள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நிலம் யாருடையது, நீர் யாருடையது, கழிவு யார் வாசலில் விழும் என்பவையும் அதே வரிசையில் வருபவை. சயனைடு மேட்டின் அடிவாரத்தில் வாழ்வோர் அக்கேள்விகளை 1902இல் கேட்கும் நிலையில் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஒளியால் நீரைப் பிரிப்பது இயலும் என்பதை இலை நெடுங்காலமாகக் காட்டிவருகிறது. மனிதக் கையும் 100 சதுர மீட்டர் அளவுக்கு அதைச் செய்து காட்டிவிட்டது. எஞ்சியிருப்பது திறனும் ஆயுளும் நேர்மையான கணக்கும். சாம்பலின் பெயரைத் தாங்கிய ஊரின் வெயிலில் ஒருநாள் அப்பலகைகள் விரிக்கப்படுமானால், அவை எவ்வளவு ஹைட்ரஜன் தந்தன என்பதோடு, எதை எங்கே விட்டுச்சென்றன என்பதும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.